கிளினிக்கல் சோசியாலஜியை வைத்துக்கொண்டு தங்கச்சிமடத்தில் என்ன செய்வது?

வடகரைப்பெண்:

வணக்கம். சமூகவியல் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், சொந்தப் படகெல்லாம் கிடையாது. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் மேடம், "கிளினிக்கல் சோசியாலஜி பக்கம் போய்ப் பார், உனக்குப் பொருந்தும்" என்றார். நாலு கட்டுரை படித்துவிட்டேன். ஆராய்ந்து எழுதுவதோடு நிற்காமல், சம்பந்தப்பட்டவர்களோடு சேர்ந்து நிலைமையை மாற்றவும் இறங்குவது என்கிறார்கள். அதுவரை சரி. அதற்கு மேல் பிடிபடவில்லை.

எனக்கு ஏன் இது மண்டையில் ஏறிக்கொண்டது என்றால், போன மாதம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடப்பு. வரிசையில் பார்த்தால் எங்கள் தெருப் பெண்கள் இன்னும் நாலு பேர். எல்லோருக்கும் அதே தொந்தரவு, எல்லோர் வீட்டுக்காரரும் கடல்தொழில். இலங்கை நேவி பிடித்துவிடுவான் என்கிற பயம்தான் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐந்து பேரும் மாத்திரை வாங்கிக்கொண்டு ஒரே ஆட்டோவில் திரும்பினோம்.

ஆட்டோவில் வரும்போது யோசித்தேன். இது ஐந்து பேருக்குத் தனித்தனியாக வந்த நோயா, தெருவுக்கே வந்த ஒரு நோயா? இரண்டாவது என்றால் யாருக்கு மாத்திரை கொடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வூதியன்:

அம்மா, ஆட்டோவில் உனக்கு வந்த கேள்விதான் இந்தத் துறையின் முதல் பாடம். முப்பது வருடம் சமூகவியல் நடத்தியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மருத்துவச் சமூகவியல் வேறு, இது வேறு. அது நோய், மருத்துவமனை, டாக்டர்-நோயாளி உறவு இவற்றை ஆராய்வது. கிளினிக்கல் சோசியாலஜிக்கு ஆஸ்பத்திரியே தேவையில்லை. 'கிளினிக்' என்ற சொல் படுக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. புத்தகத்தில் உள்ள நோயை விட்டுவிட்டுப் படுக்கையில் கிடக்கிறவரைப் பார் என்று அர்த்தம் வைத்துக்கொள். படுக்கையில் கிடப்பது ஒரு ஆளாக இருக்கலாம், குடும்பமாக இருக்கலாம், ஒரு சங்கமாகவோ கிராமமாகவோகூட இருக்கலாம்.

அமெரிக்காவில் 1920களின் கடைசியில் இரண்டு இடங்களில் இது முளைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் பர்ஜஸ் 1928இல் இந்தப் பெயரிலேயே ஒரு பாடம் நடத்தினார். யேல் மருத்துவக் கல்லூரியின் டீன் மில்டன் விண்டர்னிட்ஸ், மருத்துவ மாணவர்களுக்காக இதற்கென்று ஒரு துறையே தொடங்க ஆசைப்பட்டார். பணம் கிடைக்கவில்லை, துறை வரவில்லை. 1931இல் லூயி விர்த் எழுதிய கட்டுரைதான் பலரும் மேற்கோள் காட்டுவது. அந்தக் காலத்தில் குழந்தைகள் வழிகாட்டு மையங்கள் என்று இருந்தன. முரண்டு பிடிக்கும் பிள்ளையை அங்கே கூட்டி வருவார்கள், மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் மூவரும் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு சமூகவியலாளரும் உட்கார வேண்டும் என்றார் விர்த். பிள்ளைக்குள்ளே மட்டும் குறையைத் தேடாதே, அவன் யார் யாரோடு பழகுகிறான், எந்தத் தெருவில் வளர்கிறான், இரண்டு விதமான ஒழுங்குகளுக்கு நடுவே மாட்டியிருக்கிறானா என்று பார் என்பது அவர் வாதம்.

அப்புறம் நெடுநாள் தூக்கம். 1978இல்தான் கிளினிக்கல் சோசியாலஜி சங்கம் என்று ஒன்று அங்கே அமைந்தது. பெயர் மாறி, 2005இல் பயன்பாட்டுச் சமூகவியல்காரர்களோடு இணைந்து இப்போது ஒரே அமைப்பாக நடக்கிறது. பிரான்ஸில் இதற்குத் தனி மரபு உண்டு, வின்சென்ட் த கோலஜாக் போன்றவர்கள் வாழ்க்கைக் கதைகளைக் குழுவாக உட்கார்ந்து பேசவைத்து வேலை செய்கிறார்கள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. டாக்டரும் நீயும் சேர்ந்து காரணத்தை முடிவு செய்துவிட்டீர்கள். அந்த நாலு பெண்களிடம் யாராவது கேட்டீர்களா?

கச்சான்:

ஐயா பெரிய விஷயமெல்லாம் எழுதியிருக்கிறார். நான் பத்தாவது பெயில், பாம்பன்காரன், இருபத்திரண்டு வருடமாகத் தொழில். சொல்லலாமா?

எங்கள் தெருவுக்கு வராத ஆள் இல்லை. சுனாமிக்குப் பிறகு வந்தார்கள், புயலுக்குப் பிறகு வந்தார்கள், படகு பிடிபட்டால் வருகிறார்கள். கையில் கேள்விகள் அச்சடித்த ஒரு பாரம். வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, மனக்கவலை உண்டா, உண்டு என்றால் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை. நான் ஒரு தடவை ஏழு போடச் சொன்னேன். அந்தப் பிள்ளை பயந்துவிட்டது.

சிகிச்சையும் எங்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்கள் தங்கச்சி. 2017இல் வந்ததே ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டம், அதைச் சொல்கிறேன். பாக் விரிகுடாவில் இழுவைமடி வலை போடுகிறாய், அங்கே சண்டை வருகிறது, ஆகவே உன் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடலுக்குப் போய்ச் சூரை மீன் பிடி. மூன்று வருடத்தில் 2000 படகு மாற்றுவதாகப் பேச்சு. படகு ஒன்று 80 லட்சம், மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், மிச்சம் கடனும் கைக்காசும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போய் மறுநாள் காலையில் கரைக்கு வருகிற ஆட்கள். வாரக்கணக்கில் கடலில் கிடப்பது வேறு தொழில், வேறு உடம்பு, வேறு குடும்பம். மிச்சக் காசு எவனிடம் இருக்கிறது? நினைத்த மாதிரி ஆள் சேரவில்லை. நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், மருந்து எங்கள் தொண்டையில் இறங்குமா என்று எவனும் பார்க்கவில்லை.

இந்தப் படிப்பில் அதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள், நானும் சேருகிறேன்.

அலைபாயுதே_77:

எல்லாவற்றுக்கும் காரணம் 1974இல் கச்சத்தீவைக் கொடுத்ததுதான். அதைப் பேசாமல் சோசியாலஜியாம்

நடுவர்:

இதன் கீழே கச்சத்தீவு பற்றி வந்த பதினேழு பதில்களைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். அங்கே போய் அடித்துக்கொள்ளவும். இந்தப் பிள்ளை ஆய்வேடு எழுதட்டும்.

வெள்ளைச்சீருடை:

தங்கச்சி, நான் மனநலப் பிரிவில் நர்ஸ், சொந்த ஊர் கீழக்கரை. ஏர்வாடி தர்காவைப் பேசாமல் இந்தக் கரையில் இதைப் பேச முடியாது.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. அப்போது நான் ஏழாவது படித்தேன். தர்காவைச் சுற்றி இருந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். வாப்பா அன்று காலையில் அங்கே போய்விட்டு வந்து யாரிடமும் பேசாமல் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு காப்பகங்களை மூடினார்கள், உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கொட்டகையை மூடிவிட்டால், அதுவரை ஜனங்கள் அங்கே ஏன் வந்தார்கள் என்ற கேள்வி மூடிவிடுகிறதா? பஸ் ஏறி எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். ஊரில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. அக்கா தங்கைக்குக் கல்யாணம் நிற்கும் என்ற பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் 'பைத்தியம்' என்ற பேர், தர்காவுக்குப் போனால் 'காத்துக் கருப்பு' என்ற பேர். இரண்டாவது பேரோடு ஊர் திரும்பி வாழ்ந்துவிடலாம். இது மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் நோயாளி நம் கையை விட்டுப் போய்விடுவார்.

குஜராத்தில் உனாவா என்ற ஊரில், மீரா தாதார் தர்காவில் 2008இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தவா-துவா, மருந்தும் பிரார்த்தனையும். தர்காவுக்கு வருகிறவரைத் தடுப்பது இல்லை, துவா முடித்துவிட்டு அங்கேயே டாக்டரையும் பார்த்துவிட்டுப் போகலாம். தர்கா ஆட்களே அனுப்பிவைப்பார்கள். அதே யோசனை பிறகு ஏர்வாடிக்கும் வந்தது. எந்தச் சமூகவியல் பட்டதாரி கண்டுபிடித்தார் என்று தெரியாவிட்டாலும், நீ படிக்கிற கட்டுரைகளில் சொல்வது இதுதான் என்று நினைக்கிறேன். ஜனங்களின் கால் ஏற்கெனவே எங்கே போகிறதோ அங்கே போய் நில்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 'தெருவின் நோய்' என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் யாருடைய மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிடாதே. ஐந்து பேரில் ஒருவருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு நோய் இருக்கலாம். அதை நீ பார்த்துச் சொல்ல முடியாது.

பாசிக்காரி_மகன்:

நர்ஸ் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லாமே வெளியிலிருந்து வருகிற மாதிரியே பேசுகிறோம். எங்கள் அம்மா இருபது வருடமாகக் கடல்பாசி எடுக்கிறார். மன்னார் வளைகுடாத் தீவுகளை 1986இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 21 தீவு. அதற்கு முன்னாலிருந்தே பாட்டி காலத்திலிருந்து அங்கே முங்கிப் பாசி எடுத்தவர்கள் ஒரே நாளில் திருடிகள் ஆனார்கள். சாக்கைப் பிடுங்குவது, அபராதம், அழுகை. அம்மா நாலு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது யாராவது டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தால் அம்மாவும் மாத்திரையோடுதான் வந்திருப்பார்.

பிறகு பெண்களே சங்கமாகச் சேர்ந்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, பாறையை இரும்பால் சுரண்டாமல் கையால் எடுப்பது, குஞ்சு பொரிக்கும் பருவத்தில் எடுக்காமல் விடுவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டு போட்டுக்கொண்டார்கள். அதை வைத்து அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015இல் சீகாலஜி என்ற சூழல் அமைப்பின் விருது அமெரிக்காவில் கொடுத்தார்களே, அது இந்த வேலைக்குத்தான். பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை, இன்னும் இழுபறிதான். ஆனால் அம்மா படுத்துக் கிடப்பது நின்றது. கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார், திட்ட ஆரம்பித்தார்.

ஓய்வூதியன்:

தம்பி சொன்னது ரொம்ப முக்கியம். இதே வகையில் இன்னொன்றும் உங்கள் கரையில் உண்டு, கச்சானுக்குத் தெரியும். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் அடிதடி நடந்த பிறகு வந்த மூன்று நாள், நாலு நாள் ஏற்பாடு. விசைப்படகு திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகு. கடலைப் பங்கு போட முடியாது, கிழமையைப் பங்கு போடலாம் என்று யோசித்திருக்கிறார்கள். இதைவிட நல்ல தலையீடு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

கச்சான் கேட்டதற்குப் பதில்: வழி இருக்கிறது, ஆனால் அது மெதுவானது. இந்தத் துறையில் ஆராய்வதும் மருந்து கொடுப்பதும் தனித்தனிக் கட்டம் இல்லை. நாம் நினைத்ததைச் சொல்லி, அவர்கள் 'அப்படி இல்லை' என்றால் திரும்பப் போய் யோசித்து, மறுபடி வருவது. பாரத்தில் அந்த 'அப்படி இல்லை' என்பதற்குக் கட்டம் கிடையாது.

மதுரை_மாப்பிள்ளை:

எல்லாம் சரி. வேலை கிடைக்குமா? என் தங்கச்சியும் சோசியாலஜிதான் படிக்கிறாள்.

வெள்ளைச்சீருடை:

அந்தப் பெயரில் போஸ்டிங் தேடாதீர்கள். 2017 சட்டத்தில் மனநலச் சமூகப் பணியாளர் யார் என்று விளக்கம் இருக்கிறது: சமூகப் பணியில் முதுகலை, அதன் மேல் மனநலச் சமூகப் பணியில் எம்.பில். கிளினிக்கல் சோசியாலஜிஸ்ட் என்ற சொல்லே அதில் கிடையாது. உங்கள் தங்கச்சி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க ஆசைப்பட்டால் சமூகப் பணிப் பக்கம் போவது நல்லது. மற்றபடி இது ஒரு வேலையின் பெயர் என்பதைவிட, எந்த வேலையிலும் வைத்துக்கொள்ள வேண்டிய கண் என்று நினைக்கிறேன்.

ஓய்வூதியன்:

அந்தக் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை. கண் மட்டும் என்றால் பொறுப்பு யாருக்கு? வெளிநாட்டில் சான்றிதழ், நெறிமுறை என்றெல்லாம் வைத்திருப்பது சும்மா இல்லை. ஒரு தெருவில் கை வைத்தால் அதன் விளைவுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். சரி, அதைப் பிறகு பேசுவோம்.

வடகரைப்பெண்:

பதினெட்டு நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். பாரம் எதுவும் எடுத்துப்போகவில்லை. சாயங்காலம் மீன் கழுவுகிற இடத்தில் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். முதல் வாரம் "பரீட்சை இல்லையா, பொழுது போகவில்லையா" என்று கேட்டார்கள்.

பிறகு ஒருநாள் அம்மா முன்னாலேயே கேட்டேன், நேவி பயத்தில்தான் தூக்கம் வரவில்லையா என்று. பக்கத்து வீட்டு அத்தை சிரித்துவிட்டார். "அவர் கடலுக்குப் போகிற அன்றைக்கு நான் நன்றாகத்தானே தூங்குகிறேன், குறட்டைச் சத்தம் இல்லாமல்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் எந்த ராத்திரி வராது என்று கேட்டேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: வியாழக்கிழமை.

வியாழக்கிழமை படகு போகாது. ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். நேவிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குழுக்கடன் வசூல். பத்துப் பெண்கள் ஒரு குழு, ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும், கட்டும்வரை எழுந்திருக்க முடியாது. எங்கள் தெருப் படகுகளில் வாரக் கணக்கு பார்த்துப் பங்கு தருவது ஞாயிறு மாலை. ஞாயிறு வந்த காசு திங்கள் செவ்வாயில் அரிசிக்கும் பழைய கடைக் கடனுக்கும் போய்விடுகிறது. வெள்ளிக்குத் தவணை இல்லை. வியாழன் ராத்திரி யாரிடம் கேட்பது, எந்தத் தண்டல்காரரிடம் போவது என்று கணக்குப் போட்டே விடிகிறது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கிய கடன் என்பதால் பக்கத்தில் படுத்திருப்பவரிடமும் சொல்ல முடியாது. கடன் ஏன் வந்தது என்றால், படகு பிடிபட்ட வருடத்தில் வாங்கியது. ஆக நேவி கதையில் இருக்கிறான், ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை.

என்ன செய்யலாம் என்று நான் சொல்லவில்லை, ஐயா சொன்னது ஞாபகம் இருந்தது. அத்தைதான் சொன்னார், "வசூலைத் திங்கட்கிழமைக்கு மாற்றச் சொன்னால் என்ன?" மூன்று குழுவில் கையெழுத்து வாங்கினார்கள். நான் மனுவை எழுதிக் கொடுத்தேன், வசூலுக்கு வரும் தம்பி மேலிடத்தில் கேட்கிறேன் என்று வாங்கிப்போனார்.

கச்சான்:

கிழமையை மாற்றுகிறீர்கள். இதுவும் எங்கள் ஆட்கள் வழிதான்.

தங்கச்சி, ஒரு உண்மை சொல்கிறேன். என் வீட்டிலும் வெள்ளிக்கிழமை காலையில் சட்டி பாத்திரம் கொஞ்சம் சத்தமாகவே விழும். நான் அது என் குடியைப் பற்றிய கோபம் என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

ஓய்வூதியன்:

மிக நன்றாகச் செய்திருக்கிறாய். இரண்டு விஷயம். ஒன்று, வீட்டுக்காரருக்குத் தெரியாத கடன் என்று இங்கே எழுதிவிட்டாய். உன் தெருவை அடையாளம் காண்பது கஷ்டம் இல்லை. ஆய்வேட்டில் ஊர்ப் பெயர், கிழமை எல்லாவற்றையும் மாற்று, அந்தப் பெண்களிடம் படித்துக் காட்டிவிட்டுக் கொடு. இரண்டு, திங்களுக்கு மாற்றினால் கடன் குறையாது, ராத்திரி மட்டும்தான் திரும்பக் கிடைக்கும். அதுவும் பெரிது. ஆனால் 'தீர்வு' என்று தலைப்பு வைக்காதே.

வடகரைப்பெண்:

ஐயோ, அது தோன்றவே இல்லை ஐயா. நடுவர் அண்ணா, என் பதிவில் அந்த ஒரு வரியை நீக்க முடியுமா? ஊர்ப் பெயரையும்.

நடுவர்:

தலைப்பிலேயே ஊர்ப் பெயர் இருக்கிறதே அம்மா, இதையெல்லாம் பார்க்க எனக்கு இரண்டு நாள் கொடு.

வெள்ளைச்சீருடை:

அம்மாவை அடுத்த மாதம் மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போ. வியாழக்கிழமை விஷயத்தை அவரிடமும் சொல். அவருக்கும் தெரியட்டும்.

கச்சான்:

மனுவுக்குப் பதில் வந்ததா?

வடகரைப்பெண்:

இன்னும் இல்லை அண்ணே. போன வெள்ளிக்கிழமை வழக்கம்போல வந்தார்கள். அத்தை திண்ணையில் உட்கார்ந்தார், நானும் கூட உட்கார்ந்தேன்.

கச்சான்:

சனிக்கிழமை காலையில் டோக்கன் வாங்கிப் போய்விடுவேன், ஞாயிறு விடிந்துதான் வருவேன். அந்த நேரத்தில் பாம்பன் வா தங்கச்சி. என் வீட்டுக்காரி இருப்பாள். நான் இல்லாதபோது வந்தால்தான் பேசுவாள்.